கதவுள்ள முகாம்

சாஆ, ஜொகூர், மலேசியா,
9.3.2025

சிவமயம்

காட்டையே அரங்காகவும் கானத்து ஒலியையே பறையாகவும் கொண்டு ஆடுகின்ற ஐயன், கடல்கடந்து வந்தவர்க்கும் கூடவே வந்த துணைவன், இம்மடலுக்கு முன்னும் பின்னும் நின்று காக்க.

அன்புத் தங்கை செல்வராணிக்கு அண்ணன் சபாபதி எழுதுவது. இறையருளால் நானும் உன் அண்ணி கருப்பாயியும் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளை கமலநாதனும் மகள் லோஷினியும் நலமாக இருப்பதை அறிய அவா. தொலைபேசியில் நீ சொல்வது என் செவிக்குப் பாதிதான் எட்டுகிறது. வாட்ஸாப்பில் எழுதினால் வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. ஆதலால் வழக்கம்போல் கடிதம்.

செய்தி இதுதான். நம் ஆலயத்தில் திருப்பணி தொடங்கிவிட்டது. மண்டபத்தின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். ஆடியில் நம் பதிகக் குழு மூன்று நாள் கூடியிருந்து ஓதும் வழக்கத்தை, கூரை இல்லை என்பதற்காக விட்டுவிடலாமா? பெரியோர் பாடிப் பரவிய தலங்களில் எத்தனை காடுகள்! நமக்கும் ஜொகூரில் ஒரு காடு இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களைக் கடந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் தேசியப் பூங்கா. இவ்வாண்டு அங்கே தங்கி ஓதுவதென்று முடிவு செய்துள்ளேன்.

அங்கே தங்குவதற்கு மூன்று இடங்கள் உண்டு. நுழைவாயிலுக்கு அருகே மரத்தாலான விடுதி ஒன்று. கட்டில், மின்விசிறி எல்லாம் உண்டு. ஆற்றோர மணல்திட்டில் கூடாரம் அடிக்கும் இடம் ஒன்று. அதற்குப் பாசிர் முகாம் என்று பெயர். பொதுக் கழிப்பறையும் சமையல் கொட்டகையும் அங்கே இருக்கின்றன. மூன்றாவது, படகில் மேலேறிச் சிறிது நடந்தால் வரும் பத்து லேபார் முகாம். அகன்ற பாறை, சுற்றிலும் அருவி, மேலே வானம். வேறொன்றும் இல்லை. என் உள்ளம் அங்கேதான் போய் அமர்ந்துவிட்டது.

நம் சதாசிவம் மட்டும் முறையிட்டார்: “அண்ணே, சாமி காட்டுல ஆடும். அதுக்குத் தண்டாஸ் வேணாம். நமக்கு வேணுமில்ல? எழுபது வயசுல பாறைக்குப் பின்னால எங்க போய் ஒளியறது?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முடிவை மாற்றவில்லை.

வழக்கம்போல் மாப்பிள்ளைதான் முதல்வராக இருந்து ஓத வேண்டும். அவர் குரல் எடுக்காமல் நம் குழு என்றும் வாய் திறந்ததில்லை. விரைவில் பதில் எழுது.

உன் அண்ணன்,
சபாபதி

*

கூலாய்,
23.3.2025

சிவமயம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை செல்வராணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். தங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன். அண்ணியைச் சூடாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். காடு என்றதும் மகிழ்ந்தார். அன்று மாலை முழுவதும் காலைப் பதிகத்தை ஓதிக்கொண்டே இருந்தார். குரல் முன்போலவே இருக்கிறது, அண்ணா. அதில் ஒரு குறையும் இல்லை.

சில ஐயங்கள் உண்டு. கோபிக்காமல் பதில் எழுதுங்கள். பாசிர் முகாமில் கூடாரத்துக்கும் ஆற்றுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? நடுவில் வேலி ஏதும் போட்டிருக்கிறார்களா? பத்து லேபாருக்குப் போகும் படகில் ஏறிய பிறகு ஒருவர் திடீரென்று எழுந்து நின்றால் படகு தாங்குமா? இரவில் விளக்கு எரியுமா? காவலுக்கு ஆள் விழித்திருப்பாரா? விடுதிக்குக் கதவுகள் உண்டல்லவா? அங்கேயே தங்கிவிட்டால் என்ன?

மற்றொன்று. இவ்வாண்டு அவர் கையில் புத்தகம் வைத்துக்கொண்டு ஓதினால் குழுவினர் தவறாக எண்ணுவார்களா?

சென்ற வாரம் தெப்ராவில் இருக்கும் பழைய நண்பரைப் பார்க்கப் பேருந்து ஏறிவிட்டார். சொல்லிக்கொள்ளாமல் போனதால் எனக்குச் சற்று அலைச்சல். நண்பர் அந்த வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றனவாம். அங்கிருந்த பட்டறைக்காரப் பையன் நல்லவன்; காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். லோஷினி சிங்கப்பூர் வேலைக்காக விடியும் முன்பே பாலம் கடக்கப் போய்விடுகிறாள். திரும்பும்போது கண்ணைத் திறக்க முடிவதில்லை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
செல்வராணி

*

சாஆ,
6.4.2025

சிவமயம்

அன்புத் தங்கைக்கு ஆசிகள். எண்ணெய் வந்தது. உன் அண்ணி தேய்த்த வேகத்தில் வலி பயந்து ஓடிவிட்டது. இங்கே எல்லோரும் நலம்.

உன் வினாக்களைப் படித்து வியந்தேன். சிறுபெண்ணாக இருந்தபோது தோட்டத்து வாய்க்காலில் பாம்பைக் கோலால் ஒதுக்கிவிட்டு நடந்தவள் நீ. இன்று வேலி கேட்கிறாய், விளக்குக் கேட்கிறாய், கதவு கேட்கிறாய்! கூலாயின் நகர வாழ்வு என் தங்கையை இவ்வளவு மென்மையாக்கிவிட்டதா? யானை வருமென்று அஞ்சாதே. அது நம்மைவிட ஒழுக்கமுள்ள உயிர்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டாய். அது இயலாது, அம்மா. நம் குழுவின் முறையை நீ அறிவாய். முதல்வர் நூலின்றி நெஞ்சிலிருந்தே எடுக்க வேண்டும். அவர் எடுத்த அடியை மற்றவர் தொடர வேண்டும். அவர் ஒரு பாடலை விட்டுத் தாண்டினால் நாமும் தாண்டுவோம். ஒன்றை மீண்டும் எடுத்தால் நாமும் மீண்டும் எடுப்போம். இடைமறித்துத் திருத்துவது இறைவனின் காதருகே சண்டையிடுவது போன்றது என்று நமக்கு ஓதக் கற்பித்தவர் சொல்லியிருக்கிறார். இதுவரை யாரும் மீறியதில்லை. முதல்வரே புத்தகத்தைப் பார்த்தால், பின்பாடுகிறவர் யாரைப் பார்ப்பது?

மாப்பிள்ளைக்குப் பதிகங்கள் நெஞ்சில் பச்சை குத்தியவை போன்றவை. அவருக்குப் புத்தகம் எதற்கு? கண்ணுக்கு ஏதேனும் குறையா? அப்படியானால் மருத்துவரிடம் காட்டு.

பத்து லேபார் முகாமுக்கே பெயர் கொடுக்கப் போகிறேன். உங்கள் மூவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
சபாபதி

*

கூலாய்,
18.5.2025

சிவமயம்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம். தாங்களும் அண்ணியும் நலந்தானே. நாங்கள் நலம்.

பதில் எழுத இத்தனை நாளானதற்குப் பொறுத்தருள வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். மை நிறம் மாறியிருந்தால் அதுவே காரணம். வைத்த பேனாவைத் திரும்பி வந்து தேடும்போது வேறு பேனாதான் கிடைக்கிறது.

அண்ணா, நாங்கள் பத்து லேபாருக்கு வர இயலாது. லோஷினிக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. எனக்கும் இப்போது நெடுந்தொலைவு ஒத்துவருவதில்லை. சென்ற மாதம் முதல் உறக்கம் சரியாக இல்லை, வயதுதான். பகலில் அடுப்படியில் நின்றபடியே கண் செருகிவிடுகிறது. ஒருமுறை பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. வாடை வந்த பிறகுதான் விழித்தேன். அவர் அப்போது வாசலில் செருப்பில்லாமல் நின்று, “ஸ்கூல் வேன் இன்னும் வரலியே” என்றார். லோஷினி பள்ளிக்கூடம் போன காலத்தை நினைத்துக்கொண்டார் போலும்.

விடுதியில் தங்குவதாக இருந்தால் மட்டும் வரப் பார்க்கிறேன். அங்கே அறைக்கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? தெரிந்தால் எழுதுங்கள்.

அவர் பதிகம் ஓதிக்கொண்டுதான் இருக்கிறார்.

தங்கை,
செல்வராணி

*

சாஆ,
27.5.2025

சிவமயம்

தங்கைக்கு ஆசி. இங்கே நலம்.

உன் கடிதம் கிடைத்தது. வருந்தினேன். மாப்பிள்ளைக்கு என்மேல் ஏதேனும் மனத்தாங்கல் இருந்தால் நேரே சொல்லியிருக்கலாம். சென்ற ஆண்டு மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தத் தாமதமானதைக் குறையாக எண்ணுகிறார் போலும். அதை வேலியென்றும் விளக்கென்றும் தாழ்ப்பாளென்றும் உன் வாயிலாகக் கேட்க வைப்பது அவர் கல்விக்கு அழகல்ல.

கதவைத் தேடி யாரும் காட்டுக்குப் போவதில்லை. பதினெட்டுப் பேர் வர இசைந்திருக்கும்போது ஒரு வீட்டாரின் வசதிக்காக இடத்தை மாற்றுவது முறையாகாது. இவ்வாண்டு சதாசிவம் முதல்வராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் குரல் தகரம்தான். தகரத்திலும் மழை பெய்தால் ஓசை எழுமன்றோ.

உடல்நலம் பேணுக.

சபாபதி

*

சாஆ,
22.6.2025

சிவமயம்

அன்புத் தங்கை செல்வராணிக்கு அண்ணன் எழுதுவது. உன்னிடமிருந்து பதில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை.

சென்ற ஞாயிறு நானும் உன் அண்ணியும் சதாசிவமும் அவருடைய வேனில் பூங்காவைப் பார்த்துவரப் போனோம். அலுவலகத்தில் ஜெயபாலன் என்றொரு தம்பி இருக்கிறார், பெக்கோக் பக்கத்துப் பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உன் அண்ணி அருகிலிருந்து என் செவியில் உரக்கச் சொல்லச் சொல்ல நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, சாஆ குரூப்புதானே நீங்க? அந்த அம்மாகிட்ட சொல்லிருங்க. அஸ்ராமாவுல, அதான் அந்த மர விடுதியில, எல்லா ரூமுக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். வெளியில வைக்க தீயணைப்பு பொம்பாக்காரங்க விட மாட்டாங்க லா. தீ கீ பிடிச்சா உள்ள இருக்கிறவங்க எப்படி வெளிய வருவாங்க?”

“எந்த அம்மா?” என்றேன்.

“கூலாய்லேர்ந்து கூப்பிடுவாங்களே, அவங்கதான். பல தரம் கூப்பிட்டுட்டாங்க. ஆத்துக்கு வேலி இருக்கா, போட்ல லைப் ஜாக்கெட் கட்டிவிட்டா கழட்ட முடியுமா, வாட்ச்மேன் தூங்கிருவாரா... அப்புறம் நானே கேட்டேன், ‘சின்னப் பிள்ளை வருதாம்மா?’ன்னு. ‘இருப்பா’ன்னு போய் ஏதோ கதவைச் சாத்திட்டு வந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, ‘ஆமாப்பா, சின்னப் பிள்ளைதான்’னு.”

“நம்ம குழுவுல ஏது சின்னப் பிள்ளை? எல்லாம் பல்லு போன கூட்டம்” என்றார் சதாசிவம். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். உன் அண்ணி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

வேனில் திரும்பும்போது என்னிடமிருந்த உன் கடிதங்களை வாங்கி, அவளுக்கே உரிய முறையில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். செம்மண் பாதை முடிந்து தார்ச்சாலை வந்தபோது கடைசிக் கடிதத்தை மடித்தாள். பிறகு சொன்னாள்: “உங்களுக்குக் காது மட்டுந்தான் கேக்கலைன்னு இத்தனை நாளா நினைச்சிக்கிட்டு இருந்தேன்.”

கடிதங்களை அவளிடமிருந்து வாங்கி நானே மறுபடியும் படித்தேன்.

இனி முடிவு. மரவிடுதியிலேயே தங்குகிறோம். மூலையில் இருக்கும் அறை உங்களுக்கு. அதன் கதவு ஒரு நடையில் திறக்கிறது. அந்த நடையில் நானும் சதாசிவமும் பாய் விரித்துப் படுப்போம். எங்களைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது. சதாசிவத்தைத் தாண்டுவது எளிதன்று; அவர் உடல்வாகு உனக்குத் தெரியும். முதல்வர் மாப்பிள்ளையே. அவருக்கு எது தோன்றுகிறதோ அதை ஓதட்டும்.

நீ எதையும் விளக்கி எழுத வேண்டாம். வா.

அண்ணன்,
சபாபதி

*

கூலாய்,
30.6.2025

சிவமயம்

அண்ணனுக்கு வணக்கம்.

வருகிறோம்.

அவர் உங்களை வேறு பெயரால் அழைத்தால் மறுக்காதீர்கள். சில நாள் உங்களை என் மாமனார் என்று எண்ணுவார். அப்போது பணிவாகப் பேசுவார். அதைக் கேட்டு யாரும் சிரித்துவிடக் கூடாது. குளிக்கச் சொன்னால் கோபம் வரும். வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினால் தாமாகவே குளிப்பார். தனியே இருந்தால் நடந்துவிடுகிறார். எங்கே என்று கேட்டால் வீட்டுக்கு என்கிறார். வீட்டில் இருக்கும்போதும் அப்படித்தான் சொல்கிறார்.

பதிகம் ஓதும்போது மட்டும் அவர் முழுதாக இருக்கிறார். அதற்காகத்தான் வர நினைத்தேன். பதினெட்டுப் பேர் நடுவே ஒரு சொல் தடுக்கி அவர் முகம் வாடுவதைப் பார்க்க மாட்டாமல்தான் வேண்டாம் என்றும் நினைத்தேன். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். அதை எழுத என் கைக்கு மனம் வரவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம்.

செல்வராணி

*

கூலாய்,
4.8.2025

சிவமயம்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். நாங்கள் நலம்.

புறப்படும்போது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களை அழைத்துவர வந்த லோஷினி காரில் என்னைக் கடிந்துகொண்டாள். அவள் சொன்னது சரியே. ஆனாலும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல்நாள் காலை அண்ணி, “கொஞ்ச நேரம் சாயேன் செல்வா, நாங்க இருக்கோம்ல” என்றார். தலையணையில் தலை வைத்தது நினைவிருக்கிறது. விழித்தபோது மரங்களுக்கிடையே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. நண்பகல் ஓதல், உணவு, பிற்பகல் ஓதல் எல்லாம் முடிந்துவிட்டன. அறையில் அவர் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. நான் காலில் ஒன்றும் அணியாமல் ஆற்றை நோக்கி ஓடியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

ஏன் என்னை எழுப்பவில்லை? அவர் ஒரே பதிகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார் என்று சமையலுக்கு வந்த அம்மாள் சொன்னார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அடுத்த பதிகத்தின் முதற்சீரை மெல்ல எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திராது. இத்தனை மாதங்களாக வீட்டில் அப்படித்தான் செய்துவருகிறேன். அவருடைய நிலையை இப்படி எல்லோர் முன்பும் விரித்துப் போடவா காட்டுக்கு அழைத்தீர்கள்?

எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

செல்வராணி

*

சாஆ,
11.8.2025

சிவமயம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. உன் கோபம் என் நெற்றியில் திருநீறாக. அன்று நீ உறங்கியபோது நிகழ்ந்ததை நீ அறிய வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் அமர்ந்தோம். மாப்பிள்ளை கண் மூடிக் காலைப் பதிகத்தை எடுத்தார். அந்தக் குரல்! தூண்களே நிமிர்ந்தன. பதிகம் நிறைந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். அவர் மீண்டும் முதற்பாடலையே எடுத்தார். நாங்கள் தொடர்ந்தோம். மூன்றாம் முறையும் அதையே எடுத்தபோது சதாசிவம் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அதன் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல்வர் எடுத்ததைத் தொடர்வதே முறை. வேறென்ன செய்ய வேண்டியிருந்தது எங்களுக்கு?

பாதியில் எழுந்து நடக்கத் தொடங்கினார், பாடிக்கொண்டே. நானும் எழுந்தேன். உன் அண்ணி எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்தோம். ஊன்றுகோல் உள்ளவர் கோலோடும், தாளம் உள்ளவர் தாளத்தோடும், சுவாமி புறப்பாட்டின் பின்னால் போவதுபோல் அவர் பின்னால் பாடிக்கொண்டு போனோம். அலுவலகத்தைச் சுற்றினார்; சுற்றினோம். பாசிர் முகாமுக்குள் நுழைந்தார். அங்கே ஜொகூர் பாருவிலிருந்து வந்த மாணவர்கள் கூடாரத்துக்கு முன்னால் மீ கோரெங் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவேயும் போனோம். அவர்களுள் ஒரு தமிழ்ப் பெண் உன் அண்ணியோடு கூடவே நடந்து கேட்டாள்.

“பாட்டி, காலையிலேர்ந்து ஒரே பாட்டா பாடுறீங்களே, வேற தெரியாதா?”

உன் அண்ணி நிற்கவில்லை, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “சாமிக்கும் எங்க வீட்டுக்காரர் மாதிரியே காது மந்தம், ஆயி. பத்து தரம் சொன்னாத்தான் ஒரு தரம் கேக்கும்.”

அந்தக் கூட்டமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், செல்வராணி. வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விட்ட அடியிலிருந்தே மீண்டும் எடுத்தார். அவர் முகம் வாடியதை நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்குப் புரை எடுத்தாயிற்று, நன்றாகவே பார்க்கிறேன்.

ஆற்றங்கரையில் அவர் நின்றபோது இருபுறமும் நாங்கள் நின்றோம். வேலி இருக்கிறதா என்று கேட்டாயே. அன்று அங்கே நாங்கள் இருந்தோம்.

கதவைத் திறந்து வைத்தது உன் அண்ணி. அறையில் காற்று இல்லை, நீ வியர்த்துக் கிடக்கிறாய் என்று திறந்து வைத்தாள். ஓதலின் இடைவேளைகளில் உன்னை எழுப்ப நான் இருமுறை வந்தேன். வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னை உள்ளே விடவில்லை. “அவ தூங்கறதப் பாருங்க. செத்தவ மாதிரி தூங்கறா. இவ தூங்கி எத்தனை மாசமாச்சோ” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீரைக்கு அழுகிறேன் என்றாள். கீரைக்கு யாராவது அழுவார்களா?

விரித்துப் போட்டோம் என்று எழுதினாய். இல்லை, அம்மா. நீ ஒருத்தியாகச் சுமந்ததைப் பதினெட்டுப் பேர் ஒரு பகல் சுமந்தோம். எங்களுக்கும் களைப்பாகத்தான் இருந்தது. மறுநாள் சதாசிவத்துக்குக் குரலே இல்லை. அதற்காகப் பலர் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள்.

அண்ணன்,
சபாபதி

*

கூலாய்,
31.8.2025

சிவமயம்

அண்ணனுக்கு வணக்கம். தங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. அவர் உறங்கும்போது எடுத்து எடுத்துப் படித்தேன்.

எனக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை. விழித்ததும் என் உடம்பு எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா? ஒரு பகல் முழுவதும் அவர் என் நினைவிலேயே இல்லை. அவர் மறப்பதை நோய் என்கிறோம். நான் மறந்ததை என்னவென்பது? அதற்கு விடை தெரியாமல்தான் உங்கள்மேல் சினந்தேன்.

காட்டிலிருந்து வந்த பிறகு நாள்தோறும் மாலையில் வாசலுக்கு வந்து நிற்கிறார். “அவங்கள்லாம் எப்ப வருவாங்க?” என்கிறார். யார் என்றால் தெரியவில்லை. “பின்னாலேயே வந்தாங்களே” என்கிறார். கதவைச் சாத்தினால் வருத்தப்படுகிறார். திறந்து வைத்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. நேற்றும் அடுப்படியில் நின்றபடி உறங்கிவிட்டேன். கையில் சிறிய தீக்காயம். ஆறிவிடும்.

நீங்கள் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுந்தொலைவு அலைய வேண்டாம்.

தங்கை,
செல்வராணி

*

சாஆ,
5.9.2025

சிவமயம்

அன்புத் தங்கை செல்வராணிக்கு அண்ணன் எழுதுவது. உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே விடை எழுதுகிறேன்.

மறந்தது குற்றமா என்று கேட்டாய். நாளெல்லாம் உலகைத் தாங்குகின்றவனுக்கும் ஆலயத்தில் பள்ளியறை என்று ஓர் அறை வைத்து, தாலாட்டிக் கதவு சாத்துகிறோம். அவன் உறங்கும்போது உலகம் விழுந்துவிடுகிறதா? சுற்றி நிற்கும் நாம் விழித்திருக்கிறோம் என்ற துணிவில்தான் உறங்குகிறான் போலும். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குக் கல்வி போதாது.

குழுவிடம் பேசிவிட்டேன். இனிப் பிரதோஷந்தோறும் நம் ஓதல் உன் வீட்டில். சதாசிவத்தின் வேனில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேரும் வருவோம். மாப்பிள்ளை எடுப்பதைத் தொடர்வோம். அவர் தெருவில் நடந்தால் தெருவில் நடப்போம். கூலாய்க்காரர்கள் வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும். நீ தேநீர் போடக் கூடாது. விருந்தினர் முறை கூடாது. அறைக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும்.

அது மாதத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாள்களுக்கு என்ன வழி என்று எண்ணிக்கொண்டே, உன் அண்ணியை அங்கே சில காலம் தங்க அனுப்பலாமா, உனக்கு இசைவா என்று உன்னிடம் கேட்டு எழுத இருந்தேன். அந்த வரியை எழுதும்போது தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் துணிப்பை இருந்தது. சேலைகளும், தைல பாட்டிலும், அவள் சாமி படமும் அதற்குள் போயிருந்தன. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“அவகிட்ட கேக்காதீங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. கருப்பாயி பஸ் ஏறிட்டான்னு எழுதுங்க.”

ஆதலால் கேட்கவில்லை. உன் அண்ணி பேருந்து ஏறிவிட்டாள். இக்கடிதம் உன் கைக்கு வரும்போது அவளே கதவைத் திறந்து வாங்கினாலும் வியப்பில்லை.

நெற்றியில் நீறும் நெஞ்சில் நிறைவும் உனக்கு நிலைப்பதாக. மாப்பிள்ளையின் நாவில் தமிழ் கடைசிவரை தங்குவதாக. லோஷினி கடக்கும் பாலம் அவளை நாள்தோறும் நலமாக வீடு சேர்ப்பதாக. இம்மடலைப் படிப்பவரும் அவர் மனையில் வாழ்வாரும், விழித்திருப்பாரும் கண்ணுறங்குவாரும், எல்லாம்வல்ல ஈசன் திருவடி நிழலில் இனிதே வாழ்க.

அண்ணன்,
சபாபதி